ஸ்டார்ம கழட்டிட்டு ஹெரான மாட்டின கதை: ட்விட்டர் ஸ்ட்ரீம் ப்ராசஸிங், 2011ல இருந்து 2021 வரைக்கும் ஒரு நிகழ்வு ஆய்வு

போன மாசம் டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர், "ஏண்ணா எல்லாரும் ஃப்ளிங்க் ஃப்ளிங்க்னே சொல்றீங்க, ஸ்டார்ம்னு ஒன்னு இருந்துச்சாமே, அது என்ன ஆச்சு"ன்னு கேட்டார். ரெண்டும் ஸ்ட்ரீம் ப்ராசஸிங் சாஃப்ட்வேர், அதாவது டேட்டாவ சேர்த்து வைக்காம வர வர கணக்கு போடறது; ஸ்டார்முக்கு பதிலா ட்விட்டர் எழுதினதுதான் ஹெரான். அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம்னு ஆரம்பிச்சு டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அதான் உக்காந்து எழுதிட்டேன். ஒரே ஒரு எடத்துல நடந்தத மட்டும் எடுத்துக்கறேன், ட்விட்டர். நான் அங்க வேலை பார்த்தவன் இல்ல. அந்த டீம் ஆளுங்களே 2014லயும் 2015லயும் வெளியிட்ட ரெண்டு பேப்பர், அப்புறம் 2021ல அவங்க எழுதின விவரம், இத வச்சுத்தான் சொல்றேன். யாரு என்ன முடிவு எடுத்தாங்கன்னு பேர் போட்டு எழுதப் போறதில்ல, முடிவு என்ன, ஏன் அப்படி எடுத்தாங்க, அது பின்னாடி என்ன பண்ணுச்சு, அவ்ளோதான்.

பின்னணி: க்யூவும் வொர்க்கரும்

2011க்கு முன்னாடி ரியல் டைம்ல டேட்டா ப்ராசஸ் பண்ணணும்னா ரெடிமேடா, இலவசமா பெருசா ஒன்னும் கிடையாது. ஹடூப் இருந்துச்சு, ஆனா அது மொத்தமா சேர்த்து வச்சு மணிக்கணக்குல ஓட்டுற சமாச்சாரம், அதான் பேட்ச். பேக்டைப்னு ஒரு சின்ன கம்பெனி, ட்வீட்டுகள அலசி சொல்ற வேலை அவங்களுக்கு. என்ன பண்ணாங்கன்னா ஒரு க்யூ (மெசேஜ் வரிசை), அதுல இருந்து படிக்கிற வொர்க்கர் ப்ரோக்ராம், அந்த வொர்க்கர் டேட்டாபேஸ அப்டேட் பண்ணிட்டு அடுத்த க்யூல போடும், அத இன்னொரு வொர்க்கர் எடுக்கும். எந்த மெசேஜ் எந்த வொர்க்கருக்கு போகணும்ங்கறத கையால எழுதி வைக்கணும், ஒரு வொர்க்கர் கூட்டணும்னா முன்னாடி இருக்கறவங்க எல்லாருக்கும் சொல்லணும், ஒன்னு செத்தா யாராவது போய் எழுப்பணும். உருப்படியான லாஜிக் எழுதற நேரத்த விட இந்த பைப்லைன் பராமரிப்புக்கு போற நேரம்தான் ஜாஸ்தி. இப்படி செஞ்சு பார்த்த யாருக்கும் இது புரியும், நம்ம ஊர்லயும் நெறைய எடத்துல இன்னும் இப்படித்தான் ஓடுது.

இந்த எரிச்சல்ல இருந்துதான் ஸ்டார்ம் வந்துச்சு. பேக்டைப்ல இருந்த நேத்தன் மார்ஸ் எழுதினது, பெரும்பகுதி க்ளோஜர்ங்கற ப்ரோக்ராமிங் மொழில. 2011 ஜூலைல ட்விட்டர் பேக்டைப வாங்கிச்சு, செப்டம்பர்ல ஸ்டார்ம ஓப்பன் சோர்ஸா வெளிய விட்டாங்க. அதுக்கு முந்தின வருஷமே யாஹூ எஸ்4னு ஒன்ன விட்டிருந்தாங்க, ஆனா அதுல ஒரு மெஷின் விழுந்தா நடுவுல இருந்த மெசேஜ் போச்சுன்னா போச்சுதான். ஸ்டார்ம் ஜெயிச்சது இங்கதான், ஒரு மெசேஜ் உள்ள வந்தா அது முழுசா முடிஞ்சுதா இல்லையான்னு சொல்ல அதுக்கு தெரிஞ்சுது.

அது எப்படின்னு கொஞ்சம் நின்னு பார்க்கணும், ஏன்னா பின்னாடி வர்ற பிரச்சனையோட வேரும் அங்கதான் இருக்கு. டேட்டா உள்ள வர்ற எடம் ஸ்பவுட், வேலை செய்யற எடம் போல்ட், ரெண்டும் சேர்ந்த படம் டோப்பாலஜி. ஒரு ட்வீட் ஸ்பவுட்ல இருந்து கிளம்பி, ஒரு போல்ட்ல பத்து வார்த்தையா உடைஞ்சு, அந்த பத்தும் வேற வேற மெஷினுக்கு போனா, மொத்தமும் முடிஞ்சுதான்னு எப்படி தெரியும்? ஒவ்வொரு துண்டையும் லிஸ்ட் போட்டு வச்சா மெமரி தாங்காது. ஸ்டார்ம் பண்ணினது அழகான வேலை. ஒவ்வொரு துண்டுக்கும் 64 பிட் ரேண்டம் நம்பர் ஒன்னு. துண்டு பொறக்கும்போது அந்த நம்பர ஒரு கணக்கோட எக்ஸார் (பிட்டுக்கு பிட்டு ஒப்பிட்டு, ஒரே மாதிரின்னா 0, வேறன்னா 1) பண்ணு, அது முடியும்போது அதே நம்பர இன்னொரு தடவ எக்ஸார் பண்ணு. ஒரே நம்பர் ரெண்டு தடவ போனா அடிபட்டு போயிடும். ஆக எல்லா துண்டும் முடிஞ்சா மிச்சம் ஜீரோ. ஒரு ட்வீட்டுல இருந்து லட்சம் துண்டு பொறந்தாலும் கணக்கு வச்சுக்க 20 பைட் போதும். குறிப்பிட்ட நேரத்துக்குள்ள, டீஃபால்ட் 30 செகண்ட், ஜீரோ வரலன்னா ஸ்பவுட் அந்த ட்வீட்ட மறுபடியும் அனுப்பும். இந்த துண்டுக்கு டூப்பிள்னு பேரு, முடிஞ்சுதுன்னு சொல்றது ஆக், மறுபடி அனுப்பறது ரீப்ளே.

கவனிச்சுக்கங்க, "மறுபடியும் அனுப்பும்". பத்துல ஒன்பது துண்டு ஏற்கனவே எண்ணியாச்சு, பத்தாவது தொலைஞ்சுது, மறுபடி அனுப்பினா அந்த ஒன்பதும் இன்னொரு தடவ எண்ணப்படும். தொலையாது, ஆனா கூடும். அப்போ இத யாரும் பெருசா எடுத்துக்கல, ஏன்னா ராத்திரி ஹடூப் ஓடி சரியான கணக்க போட்டுடும், பகல்ல வர்றது தோராயமா இருந்தா போதும்னு ஏற்பாடு. இதுக்குத்தான் லாம்டா ஆர்க்கிடெக்சர்னு பேரு. ஒரே லாஜிக்க ரெண்டு எடத்துல எழுதணுமேன்னு ட்விட்டர்ல சம்மிங்பேர்ட்னு ஒரு லைப்ரரியும் பண்ணி 2013ல வெளிய விட்டாங்க, ஒரு தடவ எழுது, ஸ்டார்ம்லயும் ஓடும் ஹடூப்லயும் ஓடும். இந்த லைப்ரரிய ஞாபகம் வச்சுக்கங்க.

வளர்ந்தப்போ கண்ணுல பட்டது

ஸ்டார்ம் சட்டுனு பரவிச்சு. 2013ல அப்பாச்சிங்கற ஓப்பன் சோர்ஸ் அமைப்போட இன்குபேட்டர் (புதுசா வர்றத வளர்க்கற எடம்), 2014ல அங்கயே முழு அந்தஸ்தோட டாப் லெவல் ப்ராஜெக்ட். ட்விட்டருக்குள்ள டோப்பாலஜி எண்ணிக்கை ஏற ஏற, ஓட்டுற டீமுக்கு தூக்கம் போக ஆரம்பிச்சுது.

முதல் தலைவலி எல்லாம் ஒன்னா கலந்து கெடக்கறது. ஒரு வொர்க்கர்ங்கறது ஒரு ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராம ஓட்டறது) ப்ராசஸ், அதுக்குள்ள பல எக்சிகியூட்டர் த்ரெட், ஒவ்வொன்னுக்குள்ளயும் பல டாஸ்க், இதுல ஒரு ஸ்பவுட்டும் ரெண்டு வேற வேற போல்ட்டும் ஒரே ப்ராசஸ்ல குடித்தனம் பண்ணும். லாக் எல்லாம் ஒரே ஃபைல்ல விழும். ஒரு போல்ட்ல எக்செப்ஷன் வந்தா கூட இருந்த பாவத்துக்கு மொத்த வொர்க்கரும் போகும். சரி ஒரு ஹீப் டம்ப் (மெமரில இருக்கறத அப்படியே ஃபைல்ல எழுதறது) எடுத்து பார்ப்போம்னா, பெரிய மெமரி வச்ச வொர்க்கர்ல டம்ப் எழுதி முடிக்கறதுக்குள்ள ஹார்ட்பீட் (உயிரோட இருக்கேன்ங்கற சிக்னல்) நின்னு போயி, வொர்க்கர கவனிக்கற சூப்பர்வைசர் அது செத்துடுச்சுன்னு நெனச்சு உண்மையாவே கொன்னுடும், டம்ப் பாதியில நிக்கும். வைத்தியம் பார்க்க போன எடத்துல ஆள் போன கதை.

மெமரி வீணாப்போறதுக்கு பேப்பர்லயே ஒரு உதாரணம் குடுத்திருப்பாங்க. மூணு ஸ்பவுட், ஒரு போல்ட். ஸ்பவுட்டுக்கு 5 ஜிபி வீதம், போல்ட்டுக்கு 10 ஜிபி வேணும். கூட்டினா 25 ஜிபி. ரெண்டு வொர்க்கர்ல பிரிச்சா ஒன்னுல ஒரு ஸ்பவுட்டும் போல்ட்டும் சேர்ந்து 15, இன்னொன்னுல ரெண்டு ஸ்பவுட், 10. ஆனா ஸ்டார்ம் எல்லா வொர்க்கரும் ஒரே சைஸ்னு நெனைக்கும், அதனால ரெண்டுக்கும் 15, ஆக 30. அஞ்சு ஜிபி சும்மா தூங்கும். ஒரு டோப்பாலஜிக்கு அஞ்சுன்னா பரவால்ல, நூத்துக்கணக்குல வச்சுப்பாருங்க. இதுபோக ஒரே மெஷின்ல ரெண்டு டோப்பாலஜி ஓடினா ஒன்னு இன்னொன்ன நசுக்கும், முக்கியமானதுக்கெல்லாம் தனி மெஷின் ஒதுக்கினாங்க, அந்த மெஷின்ல பாதி சும்மா கெடந்துச்சு.

ஸ்டார்மோட தலைமை ப்ராசஸ் நிம்பஸ் பத்தி ஒரு வார்த்தை. ஷெட்யூலிங், ஜார் ஃபைல் விநியோகம், மெட்ரிக்ஸ் எல்லாம் அது தலைல, அதுக்கு மாத்து ஆளும் கிடையாது. அது விழுந்தா ஓடிட்டிருக்கற டோப்பாலஜி ஓடும், ஆனா புதுசா போடவும் முடியாது பழச நிறுத்தவும் முடியாது, நடுவுல ஏதாவது செத்தா கவனிக்கவும் ஆள் இல்ல. மெஷின்களுக்கு பொதுவான தகவல வச்சுக்கற ஜூகீப்பர் மேல ஹார்ட்பீட்டுகளும் காஃப்கா (மெசேஜ் க்யூ) ஆஃப்செட்டுகளும் (எது வரைக்கும் படிச்சோம்ங்கற குறி) சேர்ந்து எழுதி எழுதி மூச்சு முட்ட வச்சுது, அதுக்கு தனி ஒட்டு வேலை நெறைய பண்ணியிருக்காங்க.

ஆனா என்ன கேட்டா இது எல்லாத்த விட மோசமானது பேக் பிரஷர் இல்லாததுதான். கீழ இருக்கற போல்ட் மெதுவாச்சுன்னா மேல இருக்கறவன் நிறுத்திக்க மாட்டான், அனுப்பிட்டே இருப்பான், க்யூ நெறஞ்சா டூப்பிள கீழ போட்டுடுவான். ஆக் போட்டிருந்தா 30 செகண்ட் கழிச்சு ஸ்பவுட் அத மறுபடி அனுப்பும், ஏற்கனவே திணர்ற போல்ட்டுக்கு இன்னும் லோட், இன்னும் டைம்அவுட், இன்னும் ரீப்ளே, டேஷ்போர்ட்ல பார்த்தா ஜம்முனு ஓடுற மாதிரி தெரியும், ஆனா செஞ்ச வேலையையே திரும்ப திரும்ப செஞ்சிட்டிருக்கும். ஆக் போடலன்னா இன்னும் விசேஷம், தொலைஞ்சதே தெரியாது. நான் அப்போ வேலை பார்த்த எடத்துல ஸ்பீடுக்காக ஆக்க ஆஃப் பண்ணி வச்சிருந்தோம், மேக்ஸ் ஸ்பவுட் பென்டிங்னு ஒரு செட்டிங் (முடியாம எத்தன டூப்பிள் நிக்கலாம்ங்கற வரம்பு) போட்டு பாதுகாப்பா இருக்கோம்னு நெனச்சிட்டு வேற இருந்தோம். ஆக் இல்லன்னா அந்த செட்டிங் வேலையே செய்யாதுன்னு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது. அசிங்கம்தான்.

முன்னாடி இருந்த மூணு வழி

ஸ்டார்மையே ரிப்பேர் பண்ணலாம், வேற ஒன்னுக்கு தாவலாம், இல்லன்னா புதுசா எழுதலாம்.

ரிப்பேர் வேணாம்னு சொன்னதுக்கு காரணம், மேல சொன்ன குறையெல்லாம் பெயின்ட் உரிஞ்ச மாதிரி இல்ல, அஸ்திவாரத்துல இருக்கு. வொர்க்கர்ங்கற அமைப்பையே மாத்தணும், அப்புறம் அது ஸ்டார்ம் இல்ல.

தாவறதுன்னா எங்க? அந்த நேரத்துல வெளிய என்ன இருந்துச்சுன்னு பாருங்க. ஸ்பார்க் ஸ்ட்ரீமிங் 2013ல வந்தாச்சு, ஸ்ட்ரீம குட்டி குட்டி பேட்சா வெட்டி ஓட்டுற வழி. லிங்க்டின் பக்கம் இருந்து காஃப்கா மேல சாம்சா. கூகுள் 2013ல மில்வீல் பேப்பர் போட்டாங்க, ஆனா கோட் கிடையாது. பெர்லின் யூனிவர்சிட்டி பக்கத்துல ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்னு ஒரு ஆராய்ச்சி ப்ராஜெக்ட் ஓடிட்டிருந்துச்சு, அது 2014ல அப்பாச்சிக்கு வந்து ஃப்ளிங்க்னு பேர் மாத்திக்கிச்சு, அப்போ அது குழந்தை. இதுல எதுக்கு போனாலும் ஏற்கனவே ஸ்டார்ம் ஏபிஐல (ப்ரோக்ராம் எழுத அது குடுக்கற முறை) எழுதி ப்ரொடக்‌ஷன்ல ஓடுற டோப்பாலஜி எல்லாத்தையும் திருப்பி எழுதணும், அதுக்கு மேல உக்காந்திருக்கற சம்மிங்பேர்ட் மாதிரி லைப்ரரியையும் மாத்தணும். எழுதினவங்க பாதி பேர் டீம் மாறியிருப்பாங்க.

அதனால எடுத்த முடிவு இது. ஏபிஐ அப்படியே இருக்கட்டும், இஞ்சின மட்டும் தூக்கிட்டு புதுசு போடலாம். வீட்டுக்காரங்க சாமான எறக்காமலே கீழ அஸ்திவாரத்த மாத்தற மாதிரி. தைரியமான முடிவு, அந்த சமயத்துக்கு சரியான முடிவுன்னுதான் நானும் நெனைக்கறேன், ஆனா அதுல ஒன்னு சேர்ந்தே வந்துச்சு. ஏபிஐ அப்படியே இருக்குன்னா அந்த ஏபிஐ என்ன வாக்கு குடுத்துச்சோ அதுவும் அப்படியேதான் இருக்கும். டூப்பிள், ஆக், தொலைஞ்சா மறுபடி. எண்ணிக்கை கூடலாம்ங்கறதும் அதோட வீட்டுக்குள்ள வந்து உக்காந்துடுச்சு.

ஹெரான்: என்ன மாத்தினாங்க

ஒரு ப்ராசஸ்ல ஒரு டாஸ்க்தான், வேற எவனுக்கும் எடம் இல்ல. அதுக்கு ஹெரான் இன்ஸ்டன்ஸ்னு பேரு. லாக் தனி, டம்ப் தனி, செத்தா அது மட்டும் சாகும். ஒரு கன்டெய்னர்ல இருக்கற இன்ஸ்டன்ஸ் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு ஸ்ட்ரீம் மேனேஜர், டேட்டா போக்குவரத்து எல்லாம் அது வழியா. ஒவ்வொரு டோப்பாலஜிக்கும் தனியா ஒரு டோப்பாலஜி மாஸ்டர், ஆக ஒன்னு விழுந்தா ஊரே ஸ்தம்பிக்காது. ஷெட்யூலிங்க நாம ஏன் பண்ணணும்னு, எந்த மெஷின்ல எது ஓடணும்னு பார்க்கற அரோராகிட்ட விட்டுட்டாங்க, மத்த சர்வீஸ் எல்லாம் ஏற்கனவே அதுலதான் ஓடிட்டிருந்துச்சு.

பேக் பிரஷருக்கு ரெண்டு மூணு வழி யோசிச்சு, கடைசில ஸ்பவுட்ட பிடிச்சு நிறுத்தறதுன்னு முடிவு பண்ணாங்க. ஒரு ஸ்ட்ரீம் மேனேஜர் தன்கிட்ட பஃபர் ஒரு அளவுக்கு மேல ஏறினா, தன் பக்கத்து ஸ்பவுட்ட நிறுத்திட்டு மத்த ஸ்ட்ரீம் மேனேஜருக்கெல்லாம் நீங்களும் நிறுத்துங்கன்னு சொல்லும், பஃபர் நல்லா எறங்கின அப்புறம்தான் திறக்கும். ஏற ஒரு கோடு எறங்க ஒரு கோடுன்னு ரெண்டு வச்சது, நிமிஷத்துக்கு நூறு தடவ திறந்து மூடக்கூடாதுன்னு.

வேர்ட் கவுன்ட் டெஸ்ட்ல ஆக் போட்டு ஓட்டினப்போ ஸ்டார்ம விட 10ல இருந்து 14 மடங்கு த்ரூபுட் (ஒரு நேரத்துல முடிக்கற வேலை), தாமதம் 5ல இருந்து 15 மடங்கு கம்மின்னு பேப்பர் சொல்லுது. ப்ரொடக்‌ஷன்ல ஹார்ட்வேர் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கா கொறஞ்சுதுன்னு சொன்னாங்க. எழுதினவங்களே எடுத்த அளவு, அதையும் மனசுல வச்சுக்கணும், ஆனா முன்னாடி எவ்ளோ வீணாச்சுன்னு பார்த்தா நம்பக்கூடிய அளவுதான். 2015ல உள்ள எல்லாம் ஹெரானுக்கு மாறியாச்சு, 2016 மே மாசம் ஓப்பன் சோர்ஸ் ஆச்சு.

அந்த நேரத்துல வெளி உலகம்

இங்க இஞ்சின் மாத்திட்டிருந்தப்போ மத்தவங்க வேற கேள்விய கேட்டுட்டிருந்தாங்க. எவ்ளோ வேகம்ங்கறத விட, வர்ற எண்ணு சரியாங்கற கேள்வி.

ஃப்ளிங்க் ஆளுங்க ஒவ்வொரு டூப்பிளுக்கும் ஆக் போடற வழியையே விட்டுட்டாங்க. அதுக்கு பதிலா ஸ்ட்ரீமுக்கு நடுவுல அப்பப்போ ஒரு தடுப்பு மாதிரி ஒரு மார்க்கர விடுவாங்க, ஒவ்வொரு ஆப்பரேட்டரும் அந்த மார்க்கர் வந்ததும் அது வரைக்கும் எண்ணின கணக்க சேவ் பண்ணிட்டு (இதுதான் செக்பாயின்ட்) மார்க்கர அடுத்தவன்கிட்ட தள்ளும். சாண்டி, லேம்போர்ட்னு ரெண்டு பேர் 1985ல எழுதின அல்காரிதத்த தழுவினது. எங்கயாவது விழுந்தா எல்லாரும் கடைசியா சேவ் பண்ண எடத்துக்கு திரும்பி, காஃப்கா ஆஃப்செட்டையும் அதே எடத்துக்கு இழுத்து, அங்கிருந்து ஓடலாம். ரீப்ளே நடக்கும், ஆனா கணக்கும் சேர்ந்து பின்னாடி போறதால ரெண்டு தடவ எண்ணாது.

கூகுள் 2015ல டேட்டாஃப்ளோ மாடல் பேப்பர் போட்டு இன்னொரு விஷயத்த தெளிவா பிரிச்சாங்க, ஒரு சம்பவம் நடந்த நேரம் வேற, அது சிஸ்டத்துக்கு வந்து சேர்ந்த நேரம் வேற. ட்ரெயின்ல சிக்னல் இல்லாம லைக் போட்டவன் ஃபோன் ரெண்டு மணி நேரம் கழிச்சு அனுப்பினா, அது எந்த மணிக்கணக்குல சேரணும்? ஸ்டார்ம் ஏபிஐ உருவானப்போ இந்த கேள்வி அதுல இல்லவே இல்ல, பின்னாடி ஒட்ட வச்சதுதான்.

இன்னொரு வேடிக்கை, ட்விட்டர் விட்டுட்டு போன ஸ்டார்ம் சாகல. 2016 ஏப்ரல்ல வந்த 1.0ல நிம்பஸுக்கு மாத்து ஆள், ஜூகீப்பர் பாரத்த எறக்க பேஸ்மேக்கர், பேக் பிரஷர், எல்லாம் வந்துச்சு. 2019ல 2.0, க்ளோஜர் இஞ்சின் ஜாவாவுக்கு மாறிச்சு. அஸ்திவாரத்துல இருக்கு முடியாதுன்னு சொன்னதுல கொஞ்சம் முடிஞ்சிருக்கு. ஆனா அதுக்குள்ள கூட்டம் ஃப்ளிங்க் பக்கமும் ஸ்பார்க் பக்கமும் போயாச்சு.

2021: மறுபடியும் மாத்தினாங்க

ட்விட்டர்ல அப்போ ஒரு நாளைக்கு சுமார் 40,000 கோடி ஈவன்ட். லைக், ரீட்வீட், க்ளிக் மாதிரி எண்ணிக்கைய கணக்கு போடற பைப்லைன் அதே பழைய லாம்டாதான், ஒரு பக்கம் பேட்ச், இன்னொரு பக்கம் ஹெரான், ரெண்டுக்கும் மேல சம்மிங்பேர்ட். அவங்களே எழுதினத சொல்றேன்: டேட்டா எகிறும்போது ஹெரான் பேக் பிரஷர்ல மாட்டும், ரொம்ப நேரம் மாட்டிச்சுன்னா தாமதம் சேர்ந்துட்டே போகும், ஸ்ட்ரீம் மேனேஜர் சாக ஆரம்பிக்கும், வழி இல்லாம கன்டெய்னர ரீஸ்டார்ட் பண்ணுவாங்க, ரீஸ்டார்ட்ல ஈவன்ட் தொலையும், எண்ணிக்கை தப்பாகும்.

ஹெரான்லயும் பின்னாடி செக்பாயின்ட் வழி சேர்த்திருந்தாங்கதான், ஆனா இந்த பைப்லைன் நம்பி இருந்தது பழைய பழக்கத்த, பகல்ல தப்பானா ராத்திரி பேட்ச் சரி பண்ணும்.

முடிவு: லாம்டாவையே விட்டுடறது. காஃப்கால இருந்து எடுத்து, ஒவ்வொரு ஈவன்ட்டுக்கும் ஒரு தனி ஐடி குத்தி, கூகுளோட மெசேஜ் சர்வீஸ் பப்சப் வழியா, ஸ்ட்ரீம் ஓட்டற சர்வீஸ் டேட்டாஃப்ளோவுக்கு அனுப்பி, அங்க ஐடி பார்த்து டூப்ளிகேட்ட நீக்கிட்டு எண்ணி, பிக்டேபிள் டேட்டாபேஸ்ல போடறது. ஒரே பைப்லைன். தாமதம் முன்னாடி 10 செகண்ட்ல இருந்து 10 நிமிஷம் வரைக்கும் ஆடிட்டிருந்தது 10 செகண்ட் கிட்ட நின்னுடுச்சு.

சரி, புது எண்ணிக்கை சரின்னு எப்படி நம்பறது? பழைய பேட்ச் கணக்கோட ஒப்பிட்டாங்க, அதுதானே வருஷக்கணக்கா சாமி மாதிரி. 95 சதவீதத்துக்கு மேல அப்படியே பொருந்திச்சு. மிச்ச 5 சதவீதம் ஏன் பொருந்தலன்னு தோண்டினா முக்கிய காரணம் பேட்ச் பக்கம் இருந்துச்சு, லேட்டா வர்ற ஈவன்ட்ட அது தூக்கி போட்டுட்டிருந்துச்சு, புது ஸ்ட்ரீமிங் பைப்லைன் அத பிடிச்சுது.

2017ல அப்பாச்சி இன்குபேட்டருக்கு போன ஹெரான், 2023ல அங்கயே ஓய்வு பெற்றுடுச்சு.

மறுபடி செய்யணும்னா

2015 முடிவ தப்புன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி பேஜர் அடிக்கறவனுக்கு முதல்ல தூக்கம் வேணும், ஹெரான் அத குடுத்துச்சு. ஆனா ஏபிஐ மாறாம இஞ்சின் மாத்தறோம்னு முடிவு பண்ண அன்னிக்கே, எந்தெந்த டோப்பாலஜியோட எண்ணு உண்மையாவே சரியா இருக்கணும்னு ஒரு பட்டியல் போட்டு, அது மட்டும் செக்பாயின்ட் பக்கம் திருப்பி எழுதறதுன்னு தனியா ஒரு பாதை போட்டிருக்கலாம். 2015ல தப்பிச்ச அந்த திருப்பி எழுதற வேலைதான் 2021ல டேட்டாஃப்ளோவுக்காக வந்து நின்னுச்சு, அதுக்குள்ள டேட்டா இன்னும் பெருசாயிருந்துச்சு.

பேட்ச் கணக்க அளவுகோலா வச்சுக்கறதுக்கு முன்னாடி அந்த அளவுகோலையும் ஒரு தடவ அளக்கறது இன்னொன்னு. லேட் ஈவன்ட் எத்தன வருது, அது எங்க போகுதுன்னு ஒரு கவுன்ட்டர் வைக்க அரை நாள் வேலை.

அந்த தம்பிகிட்ட இத சொன்னப்போ, நம்ம ஃப்ளிங்க் ஜாப்ல லேட் ஈவன்ட்ட எங்க போடறோம்னு கேட்டார். தொறந்து பார்த்தோம். லேட்டா வந்தத தனியா ஒதுக்கற சைட் அவுட்புட் யாரும் போடல, டீஃபால்ட்ல கீழ விழுந்துட்டிருந்துச்சு. இந்த ஸ்ப்ரின்ட்ல டிக்கெட் போட்டிருக்கோம்.